எல்லைப்புறக் கிறித்தவர் வழக்கில் உடற்பயிற்சிச் சொற்கள்: பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்பியல் நோக்கு

1. முன்னுரை

உடலைப் பேணுதல் பற்றிக் கிறித்தவ மக்களுக்கு எழுதப்படும் நூல்களும் துண்டறிக்கைகளும் இன்று பெருகி வருகின்றன. யோகாசனம், மூச்சுப்பயிற்சி, வர்மச் சிகிச்சை, இயற்கை உணவு ஆகியவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே அவற்றின் பொதுவான வினா. இவ்வினா இறையியலுக்கு மட்டும் உரியதன்று, மொழிபெயர்ப்புக்கும் உரியது. ஒரே பயிற்சி ஒரு சொல்லால் சுட்டப்படும்போது ஏற்கப்படுவதும், வேறொரு சொல்லால் சுட்டப்படும்போது ஐயுறப்படுவதும் உண்டு. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறச் சிற்றூர்கள் இதனை ஆராய்வதற்குத் தக்க களமாகும்.

2. நிலமும் மொழியும்

தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் பணி 1806இல் ரிங்கல்தௌபேயின் வருகையோடு தமிழிலேயே தொடங்கியது. பாறசாலை அதன் நிலையங்களுள் ஒன்றாயிற்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்புறம் பள்ளிமொழி தமிழாகவும் அப்புறம் மலையாளமாகவும் அமைந்தன. உறவும் வழிபாடும் எல்லையைக் கடந்தே தொடர்ந்தன. எனவே, 1871ஆம் ஆண்டு ஒன்றிப்புத் திருப்புதலின் வழிவந்த தமிழ் விவிலியமும், 1910இல் வெளிவந்த மலையாளச் 'சத்தியவேதபுஸ்தகமும்' ஒரே குடும்பத்தின் செவியில் விழுவது இங்கு இயல்பு.

3. முயற்சி, அப்யாசம், பயிற்சி

உடற்பயிற்சி பற்றிய கிறித்தவ உரையாடல்களில் பெரும்பாலும் மேற்கோளாக வருவது திமொத்தேயுவுக்கு எழுதப்பெற்ற முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரம், எட்டாம் வசனமாகும். அங்கு வரும் 'கும்னசியா' என்னும் கிரேக்கச் சொல் விளையாட்டுக் களத்தில் பெறும் பயிற்சியைக் குறிப்பது. பழைய தமிழ்த் திருப்புதல் இதனைச் 'சரீரமுயற்சி' என்றது. மலையாளம் 'சரீராப்யாசம்' என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'உடற்பயிற்சி' என்றது.

இம்மூன்றும் ஒருபொருட் சொற்கள் அல்ல. 'முயற்சி' என்பதற்கு இன்றைய தமிழில் உழைப்பு, எத்தனம் என்பனவே முதற்பொருள். பனையேறும் தொழிலாளியின் பாடும் வயலில் உழைப்பவரின் பாடும் அச்சொல்லுள் அடங்கும். 'அப்யாசம்' ஓர் ஆசானிடம் திரும்பத்திரும்பப் பழகுவதைக் குறிக்கும். தமிழிலும் 'தேகாப்பியாசம்' என்ற வழக்கு இருந்தது. இலங்கைத் தமிழில் 'அப்பியாசக் கொப்பி' இன்றும் வழங்குகிறது.

இதனினும் நுட்பமானது அடைமொழி. பயன் சிறிதே என்னும் பொருள்படக் கிரேக்கத்தில் உள்ள தொடரைப் பழைய தமிழ்த் திருப்புதல் 'அற்ப' என்னும் அடையால் பெயர்த்தது. வடமொழி 'அல்ப' என்பதற்குச் 'சிறிய' என்பதே பொருள். தமிழிலோ 'அற்பம்' இழிவுப்பொருளை ஏற்றுவிட்டது. 'அற்பன்' என்பது வசைச்சொல். ஆகவே, அளவைக் குறிக்க வந்த சொல் மதிப்பைக் குறிப்பதாகக் கேட்கப்படுகிறது. உடலைப் பேணுவதே இழிந்தது என்று அவ்வசனத்தைக் கொள்வோர்க்கு இச்சொல்லின் பொருள்மாற்றமும் ஒரு காரணம் எனலாம். மூலம் உடற்பயிற்சியை மறுக்கவில்லை. அதனையும் இறைப்பற்றையும் ஒப்பிட்டு முன்னதைக் கீழ்ப்படியில் வைக்கிறது. அதே அதிகாரத்தின் தொடக்கம் திருமணத்தையும் உணவையும் விலக்கும் கடுந்துறவைக் கண்டிக்கிறது என்பதும் கருதத்தக்கது. திருவிவிலியம் 'ஓரளவு' என்னும் சொல்லைக் கையாண்டு இழிவுப்பொருளை நீக்கியது.

4. சிலம்பமும் அங்கமும்

கொரிந்தியருக்கு எழுதப்பெற்ற முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகார இறுதியில் பவுல் விளையாட்டுக் களத்தை உவமையாக்குகிறார். அங்குக் கைக்குத்துப் போரைக் குறிக்கும் கிரேக்க வினையைப் பழைய தமிழ்த் திருப்புதல் 'சிலம்பம்பண்ணுதல்' என்று பெயர்த்தது. மலையாளம் அவ்விடத்தில் 'முஷ்டியுத்தம்' என்று சொல்லுக்குச் சொல் நின்றது; ஆனால் முந்தைய வசனத்தில் போட்டியிடும் வீரரைச் சுட்டுகையில், இருவர் பொருதும் கேரள மரபுப் போரின் பெயரான 'அங்கம்' என்பதை எடுத்துக்கொண்டது.

கம்பு வீச்சாகிய சிலம்பம் கைக்குத்து ஆகாது. எனினும் கேட்போர் அறிந்த ஒரு பயிற்சியைக் கொண்டு அறியாத ஒன்றை விளக்கியது மொழிபெயர்ப்பாளர் மேற்கொண்ட நெறி. சிலம்பக் களத்திலும் அங்கத்தட்டிலும் குருவணக்கமும் தெய்வ வணக்கமும் இருந்தன. அவை மொழிபெயர்ப்பில் உடன்வரவில்லை. அசைவும் ஒழுங்கும் வெற்றியுமே வந்தன. ஒரு மரபிலிருந்து எதனை எடுத்து எதனை விடுவது என்று இன்று கேட்கப்படும் வினாவிற்கு விவிலிய மொழிபெயர்ப்பே முன்னர் ஒரு விடை தந்துள்ளது.

5. வர்மம்

இவ்வட்டாரத்தின் தனிச்சொத்து வர்மமும் அடிமுறையும். 'மர்மம்' என்னும் வடசொல் மலையாளத்தில் அவ்வாறே நிற்க, தமிழில் 'வர்மம்' என வழங்குகிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 எனப் பகுத்து 108 எனக் கூறுவது தமிழ்ச் சுவடிகளின் பெருவழக்கு. தாக்குண்ட இடத்தை மீட்கும் முறை 'அடங்கல்' எனப்படும். ஆசான்மாரில் இந்துக்களும் கிறித்தவரும் இசுலாமியரும் உளர். சுவடு, தடவல், எண்ணெயிடல் போன்ற சொற்கள் சமயச் சார்பற்றவை. மந்திரம், உபதேசம் போன்றவை சார்புடையவை. ஒரே ஆசானின் பேச்சில் இருவகைச் சொற்களும் விரவி வரும். அவற்றை வேறுபடுத்தாமல் 'வர்மம்' என்று ஒட்டுமொத்தமாக ஏற்பதோ மறுப்பதோ செய்தியைத் திரிப்பதாகும்.

6. யோகம், யோகா, தியானம்

மலையாளத்தில் 'யோகம்' என்பதற்குக் கூட்டம் என்பது பெருவழக்கான பொருள்களுள் ஒன்று. தமிழர் 'ஜெபக்கூட்டம்' என்பதை மலையாளக் கிறித்தவர் 'பிரார்த்தனா யோகம்' என்பர். தமிழில் 'யோகம்' நற்பேற்றையும் குறிக்கும். உடற்பயிற்சியைச் சுட்டும்போது மட்டும் தமிழில் 'யோகா' என ஆங்கிலத்தின் வழியே மீண்டு வந்த வடிவம் நிலைபெற்றது. ஆகவே, 'யோகத்துக்குப் போகிறார்' என்னும் தொடர் எல்லையின் அப்புறம் சபைக்கூட்டத்தையும் இப்புறம் ஆசனப் பயிற்சியையும் நினைவூட்டக்கூடும்.

'தியானம்' இதனினும் சிக்கலானது. முதற் சங்கீதத்தில் வரும் எபிரேய வினை வாய்க்குள் முணுமுணுத்து ஓதுவதைக் குறிப்பது. தமிழும் மலையாளமும் அதற்குத் 'தியானம்' என்னும் சொல்லையே ஆண்டன. கேரளக் கத்தோலிக்கர் வழக்கில் அது பல நாள் நடைபெறும் ஆன்மிக ஒடுக்கத்திற்கும் பெயராயிற்று. மனத்தை வெறுமையாக்கல் என்னும் பொருளில் நலவாழ்வு நிலையங்கள் அதே சொல்லை வழங்குகின்றன. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989இல் விடுத்த மடல் இவ்வேறுபாட்டையே சுட்டியது: உடல்நிலைகள் தரும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதலாகக் கருதிவிடலாகாது என எச்சரித்த அம்மடல், பிற சமயங்களின் முறைகளை முற்றாகத் தள்ளவும் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2014இல் சூன் 21ஐப் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்தபின் இவ்விவாதம் பள்ளிகளையும் எட்டியது.

7. சுகமும் சௌக்கியமும்

'சுகமில்லை' என்றால் நோயுற்றிருத்தல் என்பது இரு மொழிக்கும் பொது. இயேசு நோய் நீக்கியதைத் தமிழ் விவிலியம் 'சொஸ்தமாக்குதல்' என்றும், மலையாள விவிலியம் 'சௌக்கியமாக்குதல்' என்றும் கூறும். எனவே 'பூரண சுகம்' என்று ஒரு விளம்பரம் கூறும்போது வேதமொழியின் எதிரொலியும் உடன் கேட்கிறது. இங்குதான் உயிர்க்கேடு விளையக்கூடும். 'கட்டுப்படும்' என்பதை மொழிபெயர்ப்பாளர் 'குணமாகும்' என்று பெயர்த்தால், நீரிழிவு நோயாளி இன்சுலினை நிறுத்திவிட நேரலாம். நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது.

செபமும் மருத்துவமும் இவ்வட்டாரத்தில் பகையாய் நின்றதில்லை. அண்மையிலுள்ள நெய்யூரில் 1838இல் மருத்துவ மிஷன் தொடங்கியது. 1922, 1924ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறச் சென்ற ஹோவர்ட் சாமர்வெல் அங்கு அறுவை மருத்துவராகப் பல்லாண்டு பணியாற்றினார். உடல்வலிமையும் இறைப்பணியும் ஒருவரிடத்தே கூடியதை இப்பகுதி மக்கள் கண்டுள்ளனர்.

8. பகுத்தறிதலும் விவேசனமும்

நல்லது தீயது அறிந்து தெளிவதைத் தமிழ் விவிலியம் 'பகுத்தறிதல்' என்கிறது. மலையாளம் 'விவேசனம்' என்கிறது. தமிழகத்தில் சுயமரியாதை இயக்கத்திற்குப் பின் 'பகுத்தறிவு' சமய மறுப்பின் சாயல் பெற்றது. மலையாளத்தில் 'விவேசனம்' இன்று பால், சாதி பற்றிய பாகுபாடு காட்டுதலுக்கு வழங்கும் சொல். ஆகவே இரு சொற்களும் தத்தம் வழியில் பழம்பொருளிலிருந்து நகர்ந்துள்ளன. தெசலோனிக்கருக்கு எழுதப்பெற்ற முதல் திருமுகத்தில் வரும் 'சோதித்தல்', மலையாளத்தில் 'சோதனை செய்தல்', பொன்னை உரைத்துப் பார்க்கும் பொருளைத் தருவதால் இவ்விடத்திற்கு மிகப் பொருந்தும். தமிழில் 'சோதனை' துன்பத்தையும் பாவத்தூண்டுதலையும் குறிப்பதால் 'சோதித்துப் பார்த்தல்' எனத் துணைவினையோடு எழுதுதல் நன்று.

9. முடிவுரை

நலவாழ்வு நூல்களைப் பெயர்ப்போர் ஒவ்வொரு பயிற்சியிலும் மூன்று கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும்: உடல் செய்யும் அசைவு, அதனால் விளையும் என்று கூறப்படும் பயன், அதனோடு இணைந்த வணக்கம். முதலாவதற்கு நடத்தல், நீட்டல், மூச்சை இழுத்துவிடல் போன்ற எளிய வினைகளே போதும். இரண்டாவதில் 'குணமாகும்', 'குறையும்', 'கட்டுப்படும்' ஆகியவற்றை ஒன்றுக்கொன்று மாற்றலாகாது. மூன்றாவதை மறைக்கவும் கூடாது. இல்லாத இடத்தில் ஏற்றவும் கூடாது. ஏற்பதும் தள்ளுவதும் படிப்பவரின் மனச்சான்றுக்கு உரியவை. எதனை ஏற்கிறோம் என்பதை அவர் தம் மொழியில் ஐயமின்றி அறியச் செய்வதே மொழிபெயர்ப்பாளரின் கடமை.