ஏட்டில் ஏறாத நாடகாசிரியர்கள்: திருமலைராயன்பட்டினம் தந்த தங்கவேலு

காரைக்கால் நகரைக் கடந்து, அரசலாற்றைத் தாண்டித் தெற்கே நாகப்பட்டினம் சாலையில் போனால் திருமலைராயன்பட்டினம் வரும். காளமேகப் புலவர் வசை பாடியதாகக் கதை வழங்கும் அதே ஊர்தான். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1917-ல் அங்கே பிறந்தவர் கே.ஏ. தங்கவேலு. நடிகராக அவரை அறியாதவர் குறைவு. ஆனால் அவரைப் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளைகள் நாடக மேடையில் செய்த இன்னொரு வேலைக்கு இன்றுவரை உரிய பெயர் கிடைக்கவில்லை. அது நாடகம் ஆக்கும் வேலை.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன?

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களை மட்டுமே கொண்டு நாடகம் நடத்தும் இத்தகைய குழுக்களைத்தான் மக்கள் பாய்ஸ் கம்பெனி என்றார்கள். வீட்டில் அடுப்பெரியாத பிள்ளைகளுக்கு அங்கே சோறும் தங்க இடமும் கிடைத்தன. கூடவே பாட்டு, வசன மனப்பாடம், பெண் வேடம், வாத்தியாரின் அடி எல்லாம் உண்டு. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. சிறுவயதிலேயே மேடைக்கு வந்த தங்கவேலுவுக்கு வாத்தியாராக அமைந்தவர் எம். கந்தசாமி முதலியார்.

பபூன் பேச்சை யார் எழுதினார்கள்?

நாடகத்தின் பாட்டும் முக்கிய வசனமும் வாத்தியார் எழுதியவை. பபூன் எனப்படும் கோமாளியின் பகுதி பெரும்பாலும் நடிப்பவர் கையிலேயே விடப்பட்டது. நாடகம் நடக்கும் ஊர்ச் சங்கதியை எடுத்துக்கொள்வார், எதிர்நடிகரோடு வாதம் கட்டுவார், சனம் சிரிக்காத இடத்தை மறுநாள் மாற்றுவார். பாத்திரமும் உரையாடலும் முடிச்சும் அவர் வாயிலேயே உருவாயின. நாடகாசிரியன் செய்வதும் இதுதானே! இவர்கள் தாளில் எழுதவில்லை, அவ்வளவே. நாகர்கோவில் ஒழுகினசேரியில் வறுமையில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் இந்த ஆற்றலைத் திரைக்குக் கொண்டுவந்து, தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொண்டார்.

நீண்ட காத்திருப்பு

1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’யில் தங்கவேலு திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். ஆனாலும் பெயர் வாங்க 15 ஆண்டுகள் ஆயின. 1951-ல் வந்த ‘சிங்காரி’க்குப் பிறகுதான் அவர் ‘டணால்’ தங்கவேலு ஆனார். 1955-ல் ‘மிஸ்ஸியம்மா’, ‘குலேபகாவலி’; 1956-ல் ‘ரம்பையின் காதல்’ படத்தில் பி. பானுமதிக்கு இணையாகக் கதாநாயகன்.

சிரிப்பு எங்கிருந்து வந்தது?

1959-ல் ஸ்ரீதர் இயக்கிய ‘கல்யாணப் பரிசு’ மேடை தந்த சிரிப்புக்குச் சரியான சான்று. அதில் தங்கவேலு ஏற்ற வேலையில்லாத மனிதன் ‘மன்னார் அண்ட் கம்பெனி’யில் உத்தியோகம் என்கிறான்; எழுத்தாளர் பைரவன் தான்தான் என்கிறான். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய், அதைக் காக்க இன்னொன்று. வீட்டில் மதிப்புப் போய்விடுமே என்ற பயம்தான் அந்த மனிதனை ஓட்டுகிறது. வேலைக்காக அலைந்த எந்தக் குடும்பத்துக்கும் அந்தப் பயம் புரியும். விழுந்து புரளாமல், சொல்லை இழுத்து, சரியான இடத்தில் நிறுத்தி, முகம் மாறாமல் அடுத்ததைச் சொல்வார் தங்கவேலு. வசனம் பிறர் எழுதியது. எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு எழும் என்ற கணக்கோ மேடை கற்றுத் தந்தது. 1963-ல் வந்த ‘அறிவாளி’யில் பூரி சுடக் கற்றுக்கொடுக்கும் காட்சியிலும், நடிகை டி.பி. முத்துலட்சுமியோடு சேர்ந்து அவர் காட்டும் தாளம் இதுவே.

செய்ய வேண்டியது

1994-ல் தங்கவேலு மறைந்தார். அவர் நடித்த படங்கள் இருக்கின்றன. அவரை உருவாக்கிய மேடைப் பேச்சு பதிவாகாமலே போனது. கோயில் திருவிழாக்களில் வேடம் கட்டிய பெரியவர்கள் கடலோர ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். காரைக்கால் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் அவர்களைத் தேடிப்போய் அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தமிழ் நாடக வரலாறு அச்சுப் புத்தகங்களோடு நின்றுவிடாமல், ஏழைக் கலைஞர்களின் ஆக்கத்தையும் ஆக்கமாகவே எழுதிச் சேர்க்க வேண்டும். அதற்குத் திருமலைராயன்பட்டினமே நல்ல தொடக்கம்.