குர்லாவில் பிறந்த பன்றிக்குட்டி

"இந்த வயதில் உங்களுக்கு இதெல்லாம் தேவையா, சார்?" கடந்த மூன்றரை வருஷத்தில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் எங்கள் கட்டடத்தில் இரண்டே பேர். ஒருவர் மூன்றாம் மாடியில் இருக்கும் காது கேளாத தாத்தா. இன்னொருவர் வாட்ச்மேன். அவருக்கு மழைக்காலத்தில் என் காரின் பின் ஸீட் ரொம்பவும் சௌகரியமாக இருந்தது.

விஷயம் இதுதான். வங்கியில் முப்பத்தாறு வருஷம் லெட்ஜரும் வவுச்சருமாகக் காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஸ்பானர் பிடித்து அறியாத கை. அந்தக் கையால் 1957-ஆம் வருடத்துப் பியட் 1100 கார் ஒன்றை, செம்பூரில் எங்கள் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் நட்டு நட்டாகப் பிரித்து, மறுபடி சேர்த்து ஓட வைத்திருக்கிறேன். சங்கத்து நண்பர்கள் பார்க்கும் இடத்தில் எல்லாம் "எப்படி, எப்படி?" என்று கேட்பதால், ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

தலைப்பில் அவமரியாதை ஏதும் இல்லை. 1950-களின் உருண்டை வடிவப் பியட்டுக்கு மும்பைக்காரர்கள் செல்லமாக வைத்த பெயர் 'டுக்கர் பியட்'. டுக்கர் என்றால் மராத்தியில் பன்றி. பின்புறத்தை ஒரு முறை பார்த்தால் பெயர் வைத்தவரைக் குறை சொல்லத் தோன்றாது! வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, இத்தாலியப் பியட்டின் உரிமத்தோடு நம் குர்லாவில் இதைச் செய்து விற்றது. முன் கதவு, பின் கதவு எல்லாமே நடுத் தூணில்தான் தொங்கும். இரண்டையும் திறந்துவிட்டால் சிறகு விரித்த பறவை மாதிரி இருக்கும். கியர் கம்பு ஸ்டீரிங்கை ஒட்டி. எஞ்சின் 1089 சி.சி.

அடுத்த தெருவில் ஒரு பழைய பங்களா ரீடெவலப்மெண்டுக்குப் போயிற்று. அதன் ஷெட்டில் இந்தக் கார் கிடந்தது. சொந்தக்காரர் காலமாகிவிட்டார். பங்கார்வாலா எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி இருபத்திரண்டாயிரம் பேசியிருந்தான். அவருடைய பெண்ணிடம் நான் முப்பதாயிரம் தருவதாகச் சொன்னேன். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் அசல் ஆர்.சி. புத்தகம். மகாராஷ்டிரம் என்ற மாநிலமே பிறப்பதற்கு முன்னால், பம்பாய் ராஜ்யத்தில் பதிவான எண். காரைவிட அந்தப் புத்தகம்தான் பெரிய சொத்து என்று வங்கிக்காரனுக்கு அப்போதே உறைத்தது. இது 2022 ஜனவரியில்.

செய்தி கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை பையனுக்கு எட்டியது. இதே செம்பூரில் வளர்ந்த பிள்ளைதான். அங்கே தன் கராஜில் 1932-ஆம் வருடத்துப் போர்டு ஒன்றை வைத்துக்கொண்டு 'ஹாட் ராட்' கட்டிக்கொண்டிருக்கிறான். உடனே போன். "மாமா, அதை அப்படியே ஹாட் ராட் ஆக்கிடலாம். கூரையை நாலு அங்குலம் அறுத்து இறக்குங்க. ஜப்பான் எஞ்சின் ஒண்ணு போடுங்க. சும்மா பறக்கும்!"

ஹாட் ராட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில், முக்கியமாகத் தெற்குக் கலிபோர்னியாவில், கையில் காசில்லாத வாலிபர்கள் தொடங்கிய பைத்தியம் இது. பழைய போர்டு காரைச் சொற்ப விலைக்கு வாங்குவது. மட்கார்டு, பம்பர், வேண்டாத பாரம் அத்தனையையும் கழற்றி எறிவது. எஞ்சினைக் குடைந்து சக்தியை ஏற்றுவது. பிறகு காய்ந்துபோன ஏரிப் படுகையில் யார் வேகம் என்று பார்ப்பது. 1932-இல் போர்டு கம்பெனி எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது இவர்களுக்கு வரப்பிரசாதமாக ஆயிற்று. அன்று அதன் சக்தி 65 குதிரை. 1937-இல் இந்தப் பந்தயங்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். 1945-இல் யுத்தம் முடிந்து திரும்பிய பையன்கள் கையில் கொஞ்சம் பணமும் பட்டாளத்தில் கற்ற மெக்கானிக் வேலையும் இருந்தன. கேட்க வேண்டுமா! 1948-இல் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகையும் வந்துவிட்டது.

மருமானின் யோசனையை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. அவன் அனுப்பிய படங்களைக் குர்லாவிலிருந்து வரும் மிஸ்திரியிடம் காட்டினேன். நாற்பது வருஷம் டாக்ஸி பியட்டுகளையே பிரித்து மாட்டியவர், ஜௌன்பூர்க்காரர். என்னை 'அண்ணா' என்பார். இந்த ஊரில் தென்னாட்டுக்காரர்கள் எல்லாருமே அண்ணாதானே. படத்தைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் எங்கள் காருக்கு அடியில் படுத்து, "அண்ணா, இதில் சேஸிஸ் எங்கே, காட்டுங்கள்" என்றார்.

அங்கேதான் சூட்சுமம். அந்தக் காலத்துப் போர்டு நம் மாட்டுவண்டி மாதிரி. அடியில் சட்டம் தனி, மேலே கூண்டு தனி. கூண்டைத் தூக்கி வைத்துவிட்டுச் சட்டத்தில் எந்த எஞ்சினை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். கூரையை அறுத்தாலும் சட்டம் அசையாது. பியட் 1100 முட்டை ஓடு மாதிரி. தனிச் சட்டமே கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்த ஓடே பாரத்தைத் தாங்குகிறது. ஓர் இடத்தில் அறுத்தால் இன்னோர் இடத்தில் கதவு மூடாது. அறுத்த பிறகு அதே பலத்தைத் திரும்பக் கொண்டுவரக் கம்பெனி வேண்டும், கொட்டகை போதாது.

சட்டமும் குறுக்கே நின்றது. தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கார்களுக்கென்றே விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். உடல், சேஸிஸ், எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அப்படி இருந்தால் 'விண்டேஜ்' பதிவு, பத்து வருஷத்துக்கு. புதிதாகப் பதிவு செய்வோருக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆக, அறுத்தால் பம்பாய் ராஜ்ய எண்ணும் போயிற்று, கொட்டகையில் மிஞ்சுவது முப்பதாயிரம் ரூபாய்ப் பழைய இரும்பு. மருமானிடம் சொன்னேன். "நீங்க சரியான பேங்க் மேனேஜர், மாமா" என்றான். நான் ஹெட் கிளார்க்காகத்தான் ஓய்வு பெற்றேன்.

எஞ்சின் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரங்கள் வழியாக டீஸலும் எண்ணெயும் கலந்து ஊற்றி வைத்தோம். முன்பக்கக் கப்பியின் நட்டில் ஸ்பானர் போட்டுத் தினமும் மெல்ல ஒரு தள்ளு, அவ்வளவுதான். பலம் காட்டக்கூடாது என்பது மிஸ்திரி உத்தரவு. ஒன்பதாம் நாள் 'களுக்' என்று அசைந்தது. லேத் பட்டறையில் நான்கு சிலிண்டரையும் கடைந்து, ஓவர்ஸைஸ் பிஸ்டன் போட்டோம். இதே 1089 சி.சி. குடும்பம்தான் பிறகு பத்மினியாக வந்து, மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிற்று. கடைசிப் பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபரில். இருபது வருஷக் கெடு முடிந்து 2023 அக்டோபரில் அவை தெருவை விட்டுப் போயின. நான் வேலையில் இறங்கியபோது அவை ஓய்ந்துகொண்டிருந்த நேரம். கலினா சி.எஸ்.டி. ரோடில் ரிங், பேரிங், காஸ்கெட் எல்லாம் கேட்ட கடையில் கிடைத்தன.

எனக்கென்று ஒரு வித்தை இருந்தது, அதையும் சொல்லிக்கொள்கிறேன். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட சீட்டு, நோட்டுப் புத்தகத்தில் வரவு, எந்த டப்பாவில் இருக்கிறது என்று பக்க எண். ஒயர்களுக்குத் தனி லெட்ஜர். மொத்தம் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பதிவுகள். திரும்ப மாட்டும்போது ஒரு வாஷர்கூட மிஞ்சவில்லை. மிஸ்திரி அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிவிட்டு, "இது என் தொழிலில் இல்லாத தொழில்" என்றார்.

தகடுதான் உயிரை வாங்கியது. எஞ்சினுக்குப் பத்மினி உதவும், பன்றிக்குட்டியின் உடம்புக்கு உதவாது. கதவு, மட்கார்டு எல்லாம் வேறு வளைவு. வருஷத்தில் நான்கு மாதம் கொட்டும் மழையும் கடற்காற்றும் அறுபத்தைந்து வருஷம் தின்ற தரை. மேலே பெயிண்ட் பளபளக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அப்பளம். சுரண்டச் சுரண்ட நடுத்தூணின் வேர்வரைக்கும் போயிற்று. நான்கு கதவையும் சுமக்கும் தூண்!

பத்ராவாலா வந்தார். தகட்டில் கைதேர்ந்தவர், பேச்சில் சிக்கனக்காரர். முதலில் அவர் செய்தது வெட்டு வேலையே இல்லை. கதவு நிலைகள் நான்கிலும் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்துப் பற்றவைத்தார். ஓடு நெளியாமல் இருக்க இதுதான் வழியாம். பிறகு ஒரு பக்கம் மட்டும், அதிலும் ஒரு முழம் மட்டும், அழுகியதை வெட்டி 20 கேஜ் தகட்டைக் கையால் தட்டி வளைத்துப் பொருத்தினார். ஒரேயடியாகப் பற்றவைத்தால் மெல்லிய தகடு சூட்டில் அலையாகிவிடும். அதனால் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு அடுத்த பொட்டு. ஒவ்வொரு முழம் முடிந்ததும் கதவை மாட்டி மூடிப் பார்ப்போம். மூடினால்தான் அடுத்த முழம். சொசைட்டியில் சத்தத்துக்கு அனுமதி சனி, ஞாயிறு மட்டும். இப்படித் தரை முடியப் பதினான்கு மாதம் ஆயிற்று.

(இடையில் ஒரு வார்த்தை. பெட்ரோல் டாங்க் காலியாக இருக்கிறதே என்று யாரும் அதில் நெருப்பு வைக்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி, வெடிகுண்டு. எங்கள் டாங்கைக் கழற்றி, அதற்கென்றே வேலை செய்யும் ரேடியேட்டர் கடையில் கொடுத்துவிட்டோம்.)

கடைசியாக எஞ்சின் அறையின் பின்சுவர். கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி அதன் கீழ் மூலை கரைந்திருந்தது. அதற்கு நான்கு விரற்கடை மேலே சேஸிஸ் எண். சட்டமில்லாத காரில் எண்ணைப் பொறிப்பதற்கு அதுதான் இடம். "முழுத் தகட்டையும் எடுத்துவிட்டுப் புதிசு வைக்கிறேன், நம்பரை அப்படியே பஞ்ச் அடித்துவிடலாம்" என்றார் பத்ராவாலா. பாவம், தொழில் சுத்தத்துக்காகச் சொன்னார். ஆனால் திரும்ப அடித்த எண், திருட்டுக் காருக்கு அடிக்கும் எண். ஆர்.டி.ஓ.வில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். முடியவே முடியாது என்றேன். இரண்டு வாரம் யோசித்தோம். பிறகு அவர் எண்ணுக்குக் கீழே ஈரக் களிமண்ணைக் கனமாக அப்பி, சூடு மேலே ஏறாதபடி செய்து, மூலையை மட்டும் வெட்டி ஒட்டினார். அந்த அரை மணி நேரம் நான் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். என் மனைவி காப்பி கொடுத்தாள், குடித்ததாக நினைவில்லை.

எண்ணின் மேல் எமரித் தாளே படக்கூடாது என்று வைத்திருந்தேன். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு மட்டும். ஒரு மாசம் துடைத்ததில் எல்லா இலக்கமும் தெரிந்தன, ஒன்றைத் தவிர. அது 3-ஆ, 8-ஆ? புத்தகத்தில் 8. தகட்டில் 3 போலத்தான் இருந்தது.

சென்ற வருஷம் பரிசோதனை. இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். காரைச் சுற்றி வந்தார், கதவுகளைத் திறந்து மூடினார், எஞ்சினைக் கேட்டார். பிறகு பையிலிருந்து மெல்லிய காகிதத்தை எடுத்து எண்ணின் மேல் ஒட்டிப் பென்சிலால் தேய்த்தார். ஒவ்வோர் இலக்கமாகக் காகிதத்தில் எழும்பியது. சந்தேக இடத்தில் இரண்டு தரம் தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தார். இடது பக்க வளைவு, நூல் போல, வந்திருந்தது. "ஆட்" என்றார். ஹிந்தியில் எட்டு என்ற சொல் இவ்வளவு இனிமையானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுபதிவுக் கட்டணம் ஐயாயிரம். பழைய எண் கிடைத்துவிட்டது. மொத்தச் செலவு மூன்று லட்சத்து எண்பதாயிரம்; என் மனைவியிடம் இரண்டரை என்று சொல்லியிருக்கிறேன். அவள் இந்தப் பத்திரிகையைப் படிப்பாள் என்பதால் இப்போது தெரிந்திருக்கும்.

டிசம்பரில் மருமான் வருகிறான். லோனாவ்லா வரைக்கும் ஓட்டிப் போகலாம் மாமா என்கிறான். அதற்கு விதி இடம் கொடுக்காது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இவற்றுக்குத்தான் தெருவில் இறங்கலாம். செம்பூரில் நல்ல பெட்ரோல் பங்குகள் நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூட்டமும் இருக்காது. அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஐந்து லிட்டர் போட்டுவிட்டு வருவதாக இருக்கிறேன்.