திருப்பதி பக்கம் ‘இலங்கைத் தவளைகள்’: ஒன்றுக்குக் குளம் வேண்டும், இன்னொன்றுக்கு?

வீக்எண்டில் திருப்பதி, தலகோனா என்று கிளம்புபவரா நீங்கள்? அந்த வட்டாரக் காடுகளில் இரண்டு தவளைகள் இருப்பதாக இந்திய விலங்கியல் ஆய்வு மைய ஆய்வாளர்கள் 2024-ல் தெரிவித்தார்கள். இரண்டுமே இலங்கைக்கு உரியவை என்று கருதப்பட்டவை.

முதலாவது, பொன்முதுகுத் தவளை. சித்தூர் மாவட்டம் பலமநேர் அருகே, கௌண்டின்யா சரணாலயப் பகுதிக் குளத்தில் கிடைத்தது. நமக்குத் தெரிந்த வாழ்க்கைதான்: தண்ணீரில் முட்டை, அப்புறம் தலைப்பிரட்டை, பிறகு தவளை.

இரண்டாவது, சேஷாசலம் மலைக்காட்டின் பழுப்புக்காதுப் புதர்த்தவளை. இந்த வகைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். குளம் தேவையில்லை, முட்டை காயாத அளவுக்கு ஈர மண்ணும் சருகும் போதும்.

கடலைத் தாண்டி எப்படி? பனியுகத்தில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது பாக் நீரிணை தரையாகக் கிடந்தது. இரு பக்கக் காடுகளுக்கும் அதுதான் பாதை.

சரி, இதில் என்ன சிக்கல்? குளத்தை மூடினால் முதல் தவளை போய்விடும். குளத்தைக் காப்பாற்றிவிட்டுச் சருகை எரியவிட்டால் இரண்டாவது போய்விடும். நீர்நிலையைக் காப்பது மட்டும் பத்தாது. கோடையில் அந்தப் பக்கம் போனால் காட்டில் நெருப்பு மூட்டாதீங்க. அதுவும் தவளைப் பாதுகாப்புதான்.