நிவாரண ரசீது ஸ்பேமில் விழுந்த கதை: டொமைனும் மின்னஞ்சல் பதிவுகளும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது நினைவிருக்கும். முகத்துவாரக்குப்பத்துச் சகோதரர்களின் வலையிலும் படகிலும் கருப்பாகப் படிந்த அந்த எண்ணெயைச் சுரண்டி எடுக்க நாள்கணக்கில் ஆனது. அந்தச் சமயம் நிவாரணம் சேகரித்த ஒரு சிறிய குழுவுக்கு நாம் கணக்கு எழுதிக் கொடுத்தோம். குழுவுக்குச் சொந்தமாக ஒரு டொமைன் இருந்தது. அந்த முகவரியிலிருந்துதான் வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ரசீது அனுப்பினோம்.

ஒரு வாரம் கழித்து துபாயிலிருந்து ஒரு பாய் போன் செய்தார். "ஹஜ்ரத், பணம் போட்டு ஏழு நாளாச்சு, சேர்ந்துச்சா இல்லையா?" அவருக்கு மட்டுமல்ல, பலருக்கும் ரசீது ஸ்பேம் பெட்டியில் கிடந்திருக்கிறது. பைசாவுக்குப் பைசா கணக்கு இருந்தும் கேள்விக்கு ஆளானோம். நாம் கலைப் பட்டதாரி, கணினி படித்தவரல்ல. ஆனாலும் அமானிதம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் உட்கார்ந்து படித்தோம். படித்ததை, ஜமாஅத், மதரஸா, அறக்கட்டளை என்று பொறுப்பில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறோம்.

டிஎன்எஸ் என்பது இணையத்தின் முகவரிப் புத்தகம். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வடிவமைத்தது. அதற்கு முன்பு எல்லாக் கணினிகளின் பெயரையும் ஒரே கோப்பில் எழுதி வைத்து, ஆளாளுக்கு நகல் எடுத்துக்கொள்வார்களாம். இப்போது அந்தந்த டொமைனின் விவரம் அதற்கென்று உள்ள நேம் சர்வரில் இருக்கிறது. இணையதளம் எங்கே இருக்கிறது என்று சொல்வது 'ஏ' ரெக்கார்டு. கடிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. இரண்டும் வேறு வேறு. நம்மில் பலருக்குக் குழப்பமே இங்கேதான்.

எம்எக்ஸில் ஒரு எண்ணும் ஒரு சர்வர் பெயரும் இருக்கும். எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை அதிகம். 10 என்று உள்ளதை முதலில் தட்டிப் பார்த்து, திறக்காவிட்டால்தான் 20-க்குப் போவார்கள். அந்த இடத்தில் சர்வரின் பெயரைத்தான் எழுத வேண்டும், ஐபி எண்ணை எழுதக் கூடாது.

எம்எக்ஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கடிதம் 'ஏ' ரெக்கார்டு காட்டும் இணையதள சர்வரின் வாசலுக்குப் போகும். அங்கே அஞ்சல் பெட்டி இல்லை என்றால் திரும்பிவிடும். இதுவும் நமக்கு நேர்ந்தது. இணையதளத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றியபோது நேம் சர்வரையும் மாற்றினார்கள்; பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் வரிகளைப் புதிய இடத்தில் எழுத மறந்துவிட்டார்கள். இணையதளம் ஜோராகத் திறந்தது, கடிதம் ஒன்றும் வரவில்லை. சரிசெய்யலாம் என்றால் டொமைன் குழுவின் பெயரில் இல்லை, தளம் செய்து கொடுத்த தம்பியின் பெயரில் இருந்தது. அவர் நல்ல பிள்ளைதான், ஆனால் வேலை கிடைத்து குவைத் போய்விட்டார். ஓடிபி அவருடைய பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளிவாசல் பத்திரத்தை யாராவது மேஸ்திரியின் பெயரில் எழுதுவோமா? டொமைனும் அப்படித்தான்.

மாற்றம் செய்வதாக இருந்தால் முதல் நாளே டிடிஎல் என்ற எண்ணைக் குறைத்து வையுங்கள். பழைய விவரத்தை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்பதே அது. 86400 என்றால் ஒரு நாள், 300 என்றால் ஐந்து நிமிடம்.

இனி, ஸ்பேம் விஷயம். மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை யாரும் எதுவாகவும் எழுதிக்கொள்ளலாம். ஆரம்பத்திலிருந்தே அதன் அமைப்பு அப்படி. உங்கள் ஜமாஅத்தின் பெயரில் ஒருவன் ரமளானில் ஜகாத் கேட்டுக் கடிதம் அனுப்பினால் பெறுபவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் மூன்று பதிவுகள். எஸ்பிஎஃப், நமக்காகக் கடிதம் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல். டிகிம், கடிதத்தின் மீது இடப்படும் முத்திரை. அதைச் சரிபார்க்கும் சாவி டிஎன்எஸில் இருக்கும், வழியில் வாசகத்தை மாற்றினால் முத்திரை பொருந்தாது. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. செய்தியைக் கேட்டதும் ஸனதைக் கேட்பது நம் வழக்கம்தானே. மூன்றாவது டிமார்க்: இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று டொமைன் உரிமையாளர் சொல்லும் உத்தரவு.

எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். மின்னஞ்சல் நிறுவனம் ஒன்று, ரசீது அனுப்பும் சேவை ஒன்று என்று இரண்டு வரி எழுதினால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் இரண்டையும் சேர்க்க வேண்டும். நம் குழுவில் நடந்த தவறு இதுவே. டிமார்க்கை எடுத்த எடுப்பில் 'நிராகரி' என்று வைக்காதீர்கள். முதலில் 'ஒன்றும் செய்யாதே' என்ற நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பாருங்கள். பிறகு இறுக்கலாம்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம் என்கிறது ஜிமெயில்.

இவ்வளவு செய்தாலும் ஓரெழுத்து மாற்றிப் போலி டொமைன் வாங்குபவனை இவை தடுக்காது. அதனால்தான் ரிசர்வ் வங்கி நம் நாட்டு வங்கிகளை எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறச் சொன்னது. வீட்டுப் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் இந்த முடிவெழுத்தைப் பார்க்கப் பழக்குங்கள்.

எல்லாம் சரியாக அமைந்ததா என்று பார்க்க, உங்கள் டொமைனிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்குக் கடிதம் அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று வர வேண்டும். வந்ததும் பதிவுகளை ஒரு தாளில் எழுதி, டொமைன் புதுப்பிக்கும் தேதியோடு ஜமாஅத் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள்.