அலையை வரைந்த பிள்ளைகள்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலும், சிதம்பரத்தை அடுத்த கிள்ளையிலும், இடையில் உள்ள பல குப்பங்களிலும் சாவு விழுந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

வீடு போனால் கட்டிக் கொடுக்கலாம். படகு போனால் வாங்கிக் கொடுக்கலாம். தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

பெரியவர்களுக்கு ஒப்பாரி இருந்தது. பாடி அழுதால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும். பிள்ளைகளுக்கு ஒப்பாரி தெரியுமா?

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தார் தமிழ்நாட்டுக்கு வந்து தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். விளையாட்டு, கதை, பாட்டு, படம். இவையே பிள்ளைகளுக்கு மருந்தாயின.

காகிதத்தையும் வண்ணத்தையும் கொடுத்ததும், பல பிள்ளைகள் அலையை வரைந்தார்கள். வாய் சொல்லாததைக் கை சொல்லிற்று.

யாருடைய படம்?

சுனாமிப் பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கண்காட்சிகளில் தொங்கின. பார்த்தவர்கள் மனம் இளகினார்கள்.

நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி. துக்கத்தில் வரைந்த படம், அந்தரங்கமாக எழுதிய கடிதம் போன்றது. பிள்ளை சம்மதிக்காமல் அதை ஊருக்குக் காட்டலாமா?

வருகிறவர்களுக்கெல்லாம் "அலையை வரைந்து காட்டு" என்று சொன்னால், அது வைத்தியம் அல்ல. ஆறுகிற புண்ணைக் கிளறுவது. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பதே இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

கலை உடம்புக்கும் மனசுக்கும் உதவும் என்பதில் ஐயமில்லை. 2019-ல் அதே நிறுவனம் 3,000-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து இதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் கலை, வைத்தியரின் வேலையைச் செய்துவிடாது. பிள்ளை பல வாரம் தூங்காமலும் சாப்பிடாமலும் இருந்தால், மனநல வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

படத்தைப் பார்த்து நாமாகப் பொருள் சொல்வதும் தவறு. கறுப்பு வண்ணம் பூசினால் துக்கம் என்று அர்த்தமில்லை. கையில் கிடைத்த வண்ணம் அதுவாக இருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் துக்கம் நேரலாம். அப்போது பிள்ளையிடம் காகிதம் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். என்ன வரைந்தாலும் வரையட்டும். "இதை நானே வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், கொடுத்துவிடுங்கள்.

அது அந்தப் பிள்ளையின் சொத்து.