காப்பி எடிட்டிங்: வேலையும் அதற்கான சங்கமும்

சிலமலையிலும் போடியிலும் பட்டம் பெற்ற பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை எது என்று நம் அறக்கட்டளையிடம் கேட்டு வருகிறார்கள். அத்தகைய வேலைகளில் ஒன்று காப்பி எடிட்டிங்.

ஒரு நூலோ ஆய்வுக் கட்டுரையோ வெளிவருமுன் அதை வரி வரியாகப் படித்துத் திருத்துவதே இந்த வேலை. எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை மட்டுமல்ல. பெயர், ஆண்டு, அட்டவணை எல்லாம் முதலிலிருந்து கடைசிவரை ஒத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். எழுதியவரின் கருத்தை மாற்றக் கூடாது. சந்தேகம் வந்தால் அவரிடமே கேட்க வேண்டும். கடன் பத்திரம் எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்று அல்குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது. பிறர் எழுத்தைத் திருத்துவதும் ஓர் அமானிதம்தான்.

வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கான இந்தப் பணி சென்னை, புதுச்சேரி நிறுவனங்களில் பல ஆண்டுகளாக நடக்கிறது. தமிழில் 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம் கவனமான எடிட்டிங்குக்குப் பெயர் பெற்றது.

வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் இத்தொழிலுக்குக் கட்டாயப் பதிவு கிடையாது. யாரும் தம்மை எடிட்டர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால்தான் தொழில்முறைச் சங்கங்கள் தேவைப்பட்டன. பிரிட்டனில் 1988இல் சுயமாகத் தொழில் செய்த எடிட்டர்கள் தொடங்கிய சங்கம், 2020இல் அரச சாசனம் பெற்ற நிறுவனமாயிற்று. அங்கே பயிற்சியையும் அனுபவத்தையும் பார்த்தே படிப்படியாக உறுப்பினர் தகுதி உயரும். நடத்தை விதிகள் உண்டு. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது எவ்வளவு கேட்கலாம் என்ற பரிந்துரையும் உண்டு. அமெரிக்காவிலும் 1997 முதல் இத்தகைய சங்கம் ஒன்று இயங்குகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். சங்கம் சந்தா வாங்கும்; பயிற்சி தரும்; வேலைக்கு உத்தரவாதம் தராது. "டெபாசிட் கட்டுங்கள், வீட்டுக்கே எடிட்டிங் வேலை வரும்" என்று யாராவது சொன்னால், அது மோசடி என்றே எண்ணி விலகுங்கள். "பிழை அதிகம், அபராதம் கட்டு" என்று மிரட்டினாலும் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். ஏமாந்தது பிள்ளையின் குற்றமல்ல. வீட்டில் திட்டுவார்களே என்ற பயத்தில் அவர்கள் மறைக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

ஆர்வமுள்ள பிள்ளைகள் முதலில் மொழியறிவை வளர்க்கட்டும். தினமும் ஒரு பக்கம் திருத்திப் பழகி, தெரிந்த ஆசிரியரிடம் காட்டட்டும். ஹலாலான சம்பாத்தியத்துக்கு அல்லாஹ் வழி திறப்பானாக, ஆமீன்.