சிரிப்பொலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

பிபிசியில் 1998-ல் தொடங்கிய ‘தி ராயில் ஃபேமிலி’ நகைச்சுவைத் தொடரில் கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. பெயர்தான் அரச குடும்பம் மாதிரி ஒலிக்கும். ஆட்கள் மான்செஸ்டரின் சாதாரண உழைக்கும் குடும்பம். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள், டீ குடிக்கிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள். வருகிறவர்களிடம் அம்மா பார்பரா, ‘ராத்திரி என்ன சாப்பிட்டே?’ என்று கேட்கிறார். அவ்வளவுதான். அப்புறம் எப்படி சிரிப்பு வருகிறது?

ஒரு முக்கியமான காரணம் ஒலியில் இருக்கிறது.

1950-களில் சார்லி டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளை விசையை அழுத்தி ஒலிக்க வைக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். பிரிட்டனில் பெரும்பாலும் ஸ்டூடியோவில் நிஜ ஆட்களை உட்கார வைத்து, அவர்களின் சிரிப்பையே பதிவு செய்தார்கள். எப்படியானாலும் விளைவு ஒன்றுதான்: எது ஜோக் என்று நமக்கு முன்னாலேயே யாரோ சிரித்துக் காட்டிவிடுகிறார்கள்.

தொடரை எழுதியவர்களில் ஒருவரும், மகள் டெனிஸாக நடித்தவருமான கேரோலின் ஆஹர்ன் இதெல்லாம் வேண்டாம் என்று உறுதியாக நின்றார். ஒரே கேமரா, ஃபிலிமில் படப்பிடிப்பு, பார்வையாளர்கள் கிடையாது.

சிரிப்பொலி போனதும் அந்த இடத்தில் மௌனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரும் பேசாமல் டிவியையே வெறிக்கிற சில விநாடிகள். மற்ற தொடர்களில் வெட்டி எறியப்படுகிற அந்த நேரத்தில்தான் இங்கே மனுஷங்க தெரிகிறார்கள்.

அப்பா ஜிம் எல்லோரையும் நக்கலடித்துக்கொண்டே இருக்கிற ஆள். 1999 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியில் டெனிஸுக்குப் பனிக்குடம் உடைந்துவிடுகிறது. பயந்துபோய் பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஜிம் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றுகிறார். அந்தக் காட்சியில் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. அங்கே ஸ்டூடியோ சிரிப்பு கேட்டிருந்தால், இரண்டில் ஒன்று செத்திருக்கும்.

பாசத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாத வீடு அது. அப்படிப்பட்ட வீட்டில் ‘என்ன சாப்பிட்டே?’ என்பது வெறும் கேள்வி இல்லை. அது நம் காதில் சரியாக விழ, பின்னணியில் யாரும் சிரிக்காமல் இருக்க வேண்டியிருந்தது.